காதக் கல் முதல் நிறுத்தக் கோடு வரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் களமருதூர் போன்ற சிற்றூர்களிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்கு வருவோர் அங்கே பெரிய சாலைகள் இரண்டைக் காண்பர். ஒன்று சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்வது. மற்றொன்று அதிலிருந்து பிரிந்து சேலத்துக்குச் செல்வது. இவ்வழியே ஓடும் லாரிகளின் எண் பலகைகளைக் கவனித்தால், அவற்றுள் பல வெளி மாநிலங்களிலிருந்து வந்தவை என்பது தெரியும். அந்த ஓட்டுநர்களுள் பலருக்குத் தமிழ் தெரியாது. நம் ஊர் டிராக்டர்க்காரருக்கோ அவர்களுடைய மொழி தெரியாது. ஆயினும் ஒரு சாலைச் சந்திப்பில் இவ்விருவரும் எதிர்ப்படும்போது, யார் நிற்பது, யார் செல்வது என்பதை ஒரு சொல்லும் பேசாமல் முடிவு செய்துவிடுகின்றனர்.

இதற்கு உதவுவது ஒரு தனி மொழி. அதற்கு எழுத்துகள் இல்லை. வடிவமும் நிறமும் கோடுமே அதன் எழுத்துகள். வட்டப் பலகை, முக்கோணப் பலகை, மூன்று நிற விளக்கு, தரையில் தீட்டிய வெள்ளைக் கோடு ஆகிய எல்லாம் சேர்ந்ததே அந்த மொழி. இதனை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து ஆக்கிவிடவில்லை. பல நாடுகளில், பல தேவைகளால், பல விபத்துகளின் படிப்பினையால் இது சிறிது சிறிதாக உருவாயிற்று. அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

குழிகளால் எழுதிய எண்

இவ்வரலாற்றின் பழைய ஏடு ஒன்று நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் சாலையில் கள்ளக்குறிச்சியைக் கடந்து மேற்கே சென்றால் தலைவாசல் வரும். அதன் அருகில் வசிட்ட நதிக்கரையில் உள்ள ஊர் ஆறகழூர். சோழர் காலத்தின் பிற்பகுதியில் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகர் இது. இவ்வூரில் ஒரு பழைய தொலைவுக் கல் கண்டெடுக்கப்பட்டது. மகதேசன் பெருவழி என்ற சாலையின் பெயரும், காஞ்சிபுரம் 16 காதத் தொலைவில் உள்ளது என்ற செய்தியும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்துகளோடு 16 குழிகளும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளன.

குழிகள் எதற்கு? படிக்கத் தெரியாத வழிப்போக்கனுக்காகத்தான். அவன் குழிகளை விரலால் தொட்டு எண்ணினால் போதும். இன்னும் எத்தனை காதம் நடக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். இருட்டிய பின்னும் கையால் தடவி அறியலாம்.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் இதைவிட ஒரு படி மேலே செல்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல், நாவல்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. அதில் 29 குழிகளைக் காண முடியாது. பெரிய குழிகள் 2, சிறிய குழிகள் 9 மட்டுமே உள்ளன. பெரிய குழி ஒவ்வொன்றும் பத்தைக் குறிக்கிறது! இருபத்தொன்பது குழிகளை எண்ணுவோன் இடையில் தவறக்கூடும். இரண்டையும் ஒன்பதையும் எண்ணுவோன் அவ்வளவு எளிதில் தவற மாட்டான். பார்ப்பவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துச் செய்யப்பட்ட குறி இது. நல்ல சாலைக் குறி ஒவ்வொன்றுக்கும் இதுவே இலக்கணம் எனலாம்.

மாணவர்கள் இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறகழூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 170 கி.மீ. இதை 16ஆல் வகுத்தால் ஒரு காதம் ஏறத்தாழ 10½ கி.மீ. என்று கிடைக்கிறது. சாலை வளைந்து செல்வதையும் கணக்கில் கொண்டால் இன்னும் சற்று மிகும்.

வேகம் கொண்டுவந்த சிக்கல்

மாட்டுவண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 1 மீட்டர் தொலைவு செல்லும். வண்டிக்காரர் ஒரு பலகையைப் படிக்க 2 விநாடி எடுத்துக்கொண்டால் அதற்குள் வண்டி நகர்வது 2 மீட்டர்தான். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் காரோ அதே 2 விநாடியில் 44 மீட்டர் கடந்துவிடும். எனவே மோட்டார் வண்டி வந்தபின், நின்று படிக்கும் கல் பயனற்றுப் போயிற்று. ஓடிக்கொண்டே, ஒரே பார்வையில், தொலைவிலிருந்தே புரிந்துகொள்ளத்தக்க குறி தேவையாயிற்று.

ஐரோப்பாவில் இத்தேவை விரைவில் உணரப்பட்டது. சில மணி நேரம் கார் ஓட்டினாலே அங்கு நாடும் மாறும், மொழியும் மாறும். 1909இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு நான்கு எச்சரிக்கைப் படங்களை ஏற்றுக்கொண்டது. சாலை மேடு பள்ளம், அபாயமான வளைவு, குறுக்குச் சாலை, ரயில்பாதைக் கடவு ஆகியவையே அந்த நான்கு. சொற்கள் இல்லாத சாலை மொழிக்கு இவையே முதல் பாடம்.

அமெரிக்காவில் வடிவத்தின்மீது கவனம் சென்றது. 1923இல் அந்நாட்டின் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைத் துறையினர் கூடி ஒரு விதி வகுத்தனர். பலகைக்குப் பக்கங்கள் மிகுந்தால் அபாயமும் மிகுதி என்பது அவ்விதி. அளவற்ற பக்கங்கள் கொண்டதாகக் கருதத்தக்க வட்டம் ரயில்பாதைக் கடவுக்கு. எண்கோணம் 'நில்' என்பதற்கு. சாய்ந்த சதுரம் பொதுவான எச்சரிக்கைக்கு என்று பிரித்தனர். வட்டத்தின் பணி இன்று நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், எண்கோணம் உலகெங்கும் நிலைத்துவிட்டது. சேறு படிந்து எழுத்தே தெரியாமற் போனாலும், பின்புறமிருந்து பார்த்தாலும், அது 'நில்' பலகை என்பதை வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பலகை தொடக்கத்தில் மஞ்சள் நிறத்தில் இருந்தது என்பது வியப்பாக இருக்கும். வெயிலிலும் மழையிலும் மங்காத சிவப்புப் பூச்சு அப்போது கிடைக்கவில்லை. அது கிடைத்த பின் 1954இல்தான் அமெரிக்காவில் 'நில்' பலகை சிவப்பாக மாறியது.

1968இல் வியன்னாவில் சாலைக் குறிகள், சைகைகள் பற்றிய உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. 1980இல் இந்தியாவும் அதில் இணைந்தது. இன்று நம் நாட்டில் சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கிறது. சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடுக்கிறது. நீல வட்டம் கட்டாயமாகச் செய்யச் சொல்கிறது. நீள்சதுரம் தகவல் தருகிறது. இந்த நான்கையும் மனத்திற் கொண்டவர் எந்த மாநிலத்திலும் எழுத்துக் கூட்டிப் படிக்காமலே சாலையைப் படிக்கலாம்.

ரயில்வே தந்த விளக்கு

'கைகாட்டி' என்ற அழகிய தமிழ்ச்சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்குகிறோம். முச்சந்தியில் ஊர்ப் பெயர்களைத் தாங்கி நிற்கும் கம்பமும் கைகாட்டி. ரயில் நிலையத்தருகே கையை உயர்த்தியும் தாழ்த்தியும் நின்ற மரமும் கைகாட்டி. சாலை விளக்கு பிறந்தது இந்த ரயில்வேக் கைகாட்டியிலிருந்துதான்.

லண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே குதிரை வண்டிகளின் நெரிசல் தாங்க முடியாததாக இருந்தது. ஜான் பீக் நைட் என்ற ரயில்வேப் பொறியாளர், ரயில்பாதைக்கு உதவும் கைகாட்டி சாலைக்கும் உதவுமே என்று எண்ணினார். 1868 டிசம்பரில் அங்கே ஒரு கம்பம் நிறுவப்பட்டது. பகலில் அதன் கைகள் கிடைமட்டமாக நீண்டால் 'நில்'. சாய்ந்து தாழ்ந்தால் 'எச்சரிக்கையோடு செல்'. இரவில் சிவப்பு, பச்சை நிற வாயு விளக்குகள் அதே வேலையைச் செய்தன. ஒரு காவலர் அருகில் நின்று இதனை இயக்கினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1869 ஜனவரியில் வாயு கசிந்து விளக்கு வெடித்தது. இயக்கிக்கொண்டிருந்த காவலர் படுகாயமுற்றார். கருத்து சரியானதே. ஆனால் அதற்கேற்ற ஆற்றல், அதாவது மின்சாரம், இன்னும் தெருவுக்கு வரவில்லை.

மின்விளக்கு வந்தபின் அக்கருத்து மீண்டும் உயிர்பெற்றது. 1914 ஆகஸ்ட் 5ஆம் நாள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சிவப்பு, பச்சை மின்விளக்குகள் ஒரு சந்திப்பில் இயங்கத் தொடங்கின. நிறம் மாறப் போவதை அறிவிக்க அங்கே ஒலி எழுப்பப்பட்டது. அந்த ஒலிக்குப் பதிலாக ஒரு நிறத்தையே வைத்தவர் டெட்ராய்ட் நகரக் காவல்துறையைச் சேர்ந்த வில்லியம் பாட்ஸ். 1920இல் அவர் அமைத்த விளக்கில் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே மஞ்சள் இடம்பெற்றது. நான்கு திசைகளுக்கும் மூன்று நிறங்கள் என்ற இன்றைய முறை அதுவே. நம் நாட்டின் தொடக்ககாலத் தானியங்கி விளக்குகளுள் ஒன்று 1953இல் சென்னை எழும்பூர்ச் சந்திப்பில் நிறுவப்பட்டது.

சிவப்பு ஏன்?

இங்கே இயற்பியல் மாணவர்கள் ஒரு விடையை உடனே சொல்வர்: சிவப்பு ஒளியின் அலைநீளம் மிகுதி, ஆதலால் அது குறைவாகச் சிதறுகிறது, தொலைவிலிருந்தும் தெரிகிறது. தேர்வுத்தாளில் இதற்கு மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் முழு உண்மை அதுவன்று. அலைநீளத்தைப் பொறுத்துச் சிதறல் பெரிதும் மாறுவது, காற்று மூலக்கூறுகள் போன்ற மிக நுண்ணிய துகள்களால் ஒளி சிதறும்போதுதான். சந்திப்பில் நாம் விளக்கைப் பார்க்கும் 100, 200 மீட்டர்த் தொலைவில், தெளிந்த காற்றில் எந்த நிறமும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்துவிடுவதில்லை. மூடுபனியிலோ நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே சிதறச் செய்கின்றன.

சரியான விடை வரலாற்றில் இருக்கிறது. சிவப்பு அபாயத்தின் நிறம் என்ற வழக்கம் ரயில்வேயில் முன்பே வேரூன்றியிருந்தது. அக்காலத்தில் அங்கே சிவப்பு 'நில்', பச்சை 'எச்சரிக்கை', வெள்ளை 'செல்' என்று பொருள்பட்டன. இதில் ஒரு பெரும் கேடு ஒளிந்திருந்தது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளிருக்கும் விளக்கு வெள்ளையாகத் தெரியும். நிற்க வேண்டிய ரயிலுக்கு அது 'செல்' என்று சொல்லிவிடும்! தெரு விளக்கையே சைகை என்று மயங்கவும் இடமிருந்தது. ஆகவே வெள்ளையை விலக்கி, பச்சையைச் 'செல்' என்றும், பின்னர் மஞ்சளை 'எச்சரிக்கை' என்றும் மாற்றினர். ஒரு குறி பழுதானாலும் அது பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்ற பாடத்தைப் பொறியியல் கற்றுக்கொண்ட இடங்களுள் இது ஒன்று.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் ஆண்களுள் நூற்றுக்குச் சிலர் உள்ளனர். அவர்களையும் இம்மொழி மறந்துவிடவில்லை. சிவப்பு எப்போதும் மேலே, பச்சை எப்போதும் கீழே. பச்சையிலும் சற்று நீலம் கலந்திருக்கும். எழுத்தறியாதவனுக்குக் குழி வெட்டிய ஆறகழூர்ச் சிற்பியின் அக்கறையே இங்கும் வேறு வடிவில் தொடர்கிறது.

தரையில் எழுதிய விதி

விளக்கு 'நில்' என்கிறது. எங்கே நிற்பது? அதைச் சொல்வது தரையில் உள்ள நிறுத்தக் கோடு. சாலையில் கோடு போடும் வழக்கம் விளக்கைப் போலவே ஏறக்குறைய நூறாண்டு வயதுடையது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேய்ன் கவுண்டிச் சாலைப் பொறுப்பாளர் எட்வர்டு ஹைன்ஸ் 1911இல் நடுக்கோட்டை வரையச் செய்தார். பால் வண்டியொன்று ஒழுகவிட்டுச் சென்ற வெள்ளைத் தடத்தைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பர். கலிபோர்னியாவில் ஜூன் மெக்காரல் என்ற பெண் மருத்துவர், எதிரே வந்த லாரியால் தம் கார் சாலையை விட்டு ஒதுங்க நேர்ந்ததை அடுத்து, 1917இல் தாமே ஒரு வெள்ளைக் கோட்டை வரைந்தார். பல ஆண்டுகள் அவர் விடாது வலியுறுத்தியதன் பயனாக, 1924இல் அம்மாநிலம் நடுக்கோட்டை ஏற்றுக்கொண்டது.

இன்று இக்கோடுகளுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. விட்டு விட்டு வரைந்த கோட்டைத் தேவைப்படும்போது பார்த்துக் கடக்கலாம். தொடர்ச்சியான கோட்டைக் கடக்கலாகாது. சந்திப்பை நெருங்கும்போது விட்டு விட்டு வந்த கோடு தொடர்கோடாக மாறுவது, 'இனித் தடம் மாறாதே. முன்பே முடிவு செய்துகொள்' என்று சொல்வதற்காகவே.

தடத்தில் வரைந்துள்ள அம்புக்குறியை அருகில் நின்று பார்த்தால் கோணலாக, தேவையின்றி நீண்டு காணப்படும். இது வரைந்தவரின் பிழையன்று. காரோட்டியின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 30 மீட்டருக்கு அப்பால் தரையில் உள்ள 1 மீட்டர் அம்பு, அங்கே செங்குத்தாக நிறுத்திய வெறும் 4 செ.மீ. குச்சியின் அளவே அவர் கண்ணுக்குத் தெரியும். அதையே 5 மீட்டராக நீட்டினால் 17 செ.மீ. அளவுக்குத் தெரியும். ஒத்த முக்கோணங்களின் விதியைக் கொண்டு மாணவர்கள் இதைச் சரிபார்க்கலாம்.

இரவில் இக்கோடுகள் ஒளிர்வதற்குக் காரணம், பூச்சோடு கலந்தும் மேலே தூவியும் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள். முகப்பு விளக்கின் ஒளி மணிக்குள் விலகி நுழைந்து, பின்புறத்தில் எதிரொளித்து, ஏறக்குறைய வந்த வழியே திரும்பி ஓட்டுநரின் கண்ணை அடைகிறது. 1930களில் இங்கிலாந்தின் பெர்சி ஷா ஆக்கிய 'பூனைக்கண்' என்ற சாலைப் பதிப்பும், வந்த ஒளியை வந்த பக்கமே திருப்பி அனுப்பும் இதே கருத்தில் அமைந்தது. மழை பெய்து மணிகளை நீர்ப்படலம் மூடினால் ஒளி வேறு பக்கம் தெறித்துவிடுகிறது. கோடு மிகத் தேவைப்படும் மழை இரவில் அது கண்ணுக்குத் தெரியாமற் போவது இதனால்தான்.

மஞ்சள் விளக்கின் கணக்கு

மூன்று விளக்குகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மஞ்சள். பலர் அதை 'விரைந்து செல்' என்று படிக்கின்றனர். குறை எப்போதும் ஓட்டுநருடையது மட்டும்தானா? ஒரு கணக்கைப் பார்ப்போம்.

கார் ஒன்று மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு சுமார் 14 மீட்டர் வேகத்தில் வருகிறது. மஞ்சளைக் கண்டு பிரேக்கை மிதிக்க 1 விநாடி ஆகிறது. அதற்குள் 14 மீட்டர் கடந்துவிடும். பின்னர் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நிற்பதற்கு மேலும் 33 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 47 மீட்டர். மஞ்சள் 2 விநாடி மட்டுமே எரிகிறது என்று கொள்வோம். அதற்குள் அந்தக் கார் செல்லக்கூடியது 28 மீட்டர். எனவே மஞ்சள் தோன்றும்போது நிறுத்தக் கோட்டிலிருந்து 28 மீட்டருக்கும் 47 மீட்டருக்கும் இடையே இருக்கும் கார் கோட்டுக்குள் நிற்கவும் முடியாது; சிவப்பு வருமுன் கோட்டைக் கடக்கவும் முடியாது. இருதலைக்கொள்ளி எறும்பின் நிலைதான்!

இந்த நிலையை முதலில் முறையான கணிதமாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டெனோஸ் காசிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்சி மாரடூடின் ஆகியோர். அவர்களது கட்டுரை 1960இல் வெளிவந்தது. இவர்களுள் ஹெர்மன், அண்டம் முழுவதும் மிகக் குளிர்ந்த கதிர்வீச்சு ஒன்று பரவியிருக்க வேண்டும் என்று 1948இல் ரால்ப் ஆல்பருடன் சேர்ந்து கணித்துக் கூறிய அதே இயற்பியலறிஞர்! அண்டத்தின் தொடக்கத்தை எண்ணிய மூளை தெருமுனை விளக்கையும் எண்ணியது.

மேற்கண்ட காருக்கு மஞ்சள் 3.4 விநாடி எரிந்தால் அந்த இருதலைக்கொள்ளிப் பகுதி மறைந்துவிடும். பாரம் ஏற்றிய லாரி விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வீதமே வேகம் குறைவதாகக் கொண்டால் 4½ விநாடி வேண்டும். ஆகவே மஞ்சளின் நேரம் யாரோ ஒருவர் விருப்பப்படி வைப்பதன்று. சாலையின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டு வைக்க வேண்டியது. தவறான நேரம் நேர்மையான ஓட்டுநரையும் விதி மீறச் செய்யும்.

நம் நாட்டில் இதற்கெல்லாம் நெறிமுறை இல்லாமலில்லை. 1934இல் நிறுவப்பட்ட இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1970இல் சாலைக் கோடுகளுக்கும், 1977இல் சாலைப் பலகைகளுக்கும், 1985இல் சந்திப்பு விளக்குகளுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. கோடுகள், பலகைகள் பற்றியவை பின்னர்த் திருத்தியும் வெளியிடப்பட்டுள்ளன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சாலைக் குறிக்குக் கீழ்ப்படிவதை ஓட்டுநரின் கடமையாக்கியது. இருந்தும் நடுவண் அரசின் புள்ளிவிவரப்படி 2022இல் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் மாண்டனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டினர் சாலைகளில் இறந்தவர்கள். இத்தனைக்கும் குறிகளே காரணம் என்று சொல்வதற்கில்லை. வேகம், மது, தலைக்கவசமின்மை என்று காரணங்கள் பல. ஆனால் குறிக்குக் கீழ்ப்படிய வேண்டுமானால் அது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

விளம்பரத் தட்டி மறைத்த பலகை, சுவரொட்டி ஒட்டிய எச்சரிக்கை, மரக்கிளைக்குள் ஒளிந்த விளக்கு, தேய்ந்து மறைந்த நிறுத்தக் கோடு ஆகியவற்றை நாம் எல்லா ஊர்களிலும் காண்கிறோம். இவை வெறும் அழகுக் குறைகள் அல்ல. எங்கிருந்தோ வரும் ஓர் அயலூர் ஓட்டுநரிடம், 'இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடப்பார்கள்' என்று நம் ஊர் சொல்ல விரும்பும் சொல்லை வாயிலேயே அடைத்துவிடுவதற்கு இவை ஒப்பாகும். ஆறகழூர்க் கல் பல நூற்றாண்டு கழிந்தும் தன் செய்தியைச் சொல்கிறது. நேற்றுத் தீட்டிய கோடு நாளைக்குள் ஊமையாகிவிடக் கூடாது.

மாணவர்கள் விடுமுறை நாளில் தம் ஊருக்கு அருகிலுள்ள ஒரு சந்திப்புக்குப் பெரியவர் ஒருவரோடு சென்று, நடைபாதையில் பாதுகாப்பாக நின்று இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். மஞ்சள் எத்தனை விநாடி எரிகிறது என்று கைக்கடிகாரத்தால் அளக்கவும். இரண்டு மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தொலைவைத் தெரிந்துகொண்டு, அதைக் கடக்க வண்டிகள் எடுக்கும் நேரத்திலிருந்து அவற்றின் வேகத்தைக் கணக்கிடவும். 50 மீட்டர்த் தொலைவிலிருந்து எத்தனை பலகைகள் தெளிவாகத் தெரிகின்றன, எவை மறைந்துள்ளன என்று பட்டியலிடவும். மஞ்சளின் நேரம் போதுமா என்பதை மேலே காட்டிய கணக்கின்படி பார்க்கவும். போதாது என்று விடை வந்தால், அந்தத் தாளை ஏட்டிலேயே வைத்துக்கொள்ளாமல், ஆசிரியர் வழியாக ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ போக்குவரத்துக் காவல் பிரிவுக்கோ அனுப்பி வைக்கலாம்.